காலாப்பட்டு ரோட்டில் நின்ற வண்டி

மாலிக்: ...இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் அண்ணே, ஆஃப் பண்ணாதீங்க. இஞ்சின் நல்லா சூடாவணும். சூடானாதான் எங்க கோளாறுன்னு தெரியும்.

ஜானகிராமன்: காலையிலேர்ந்து ஓடிக்கிட்டுதான் இருக்கு பாய். ஒரு தும்மல் கூட இல்ல.

மாலிக்: அதான் எனக்கும் புரியல. அன்னிக்கு ரோட்ல நின்னு நின்னு வந்துச்சிங்கிறீங்க. நெல்லித்தோப்புக்கு, என் ஷெட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்து புள்ள மாதிரி அடக்கமா நிக்குது.

துர்கா: பாய், நேரம் ஆவுது. மாமா போன் பண்ணிடுவாரு.

மாலிக்: பண்ணட்டும்மா. உங்க மாமா தணிகாசலத்துக்கு பயந்துக்கிட்டு நான் வண்டி பாக்க முடியுமா? நீ ஏன் வெயில்ல நிக்கிற துர்கா. உள்ள வந்து ஸ்டூல்ல உக்காரு.

துர்கா: பரவால்ல பாய்.

ஜானகிராமன்: வந்து உக்காரும்மா... நிழலா இருக்கு பாரு.

துர்கா: பாய், குடிக்க தண்ணி இருக்கா?

மாலிக்: அந்த கேன்ல இருக்கு... என்னம்மா, அப்பா கூப்புடுறாரு, காதுல விழலயா?

ஜானகிராமன்: வுடுங்க பாய்.

மாலிக்: என்ன அண்ணே வுடுங்க. லாஸ்பேட்ட சொல்தா கிட்டேர்ந்து நீங்க இந்த பியட்ட வாங்கிட்டு வந்த அன்னிக்கு, முன் சீட்டுல ஏறி நின்னுக்கிட்டு ஹார்ன அமுக்கிக்கிட்டே இருந்தவ இவ. அந்த மனுஷன் பிரெஞ்சு பட்டாளத்துல குண்டு சத்தம் கேட்டு கேட்டு பாதி செவிடு. அவரே காத பொத்திக்கிட்டாரு. அப்பா அப்பான்னு ஒரே கத்தல். இப்ப என்னான்னா, ரெண்டு பேரும் என்ன நடுவுல வச்சிக்கிட்டு பேசுறீங்க. நான் என்ன போஸ்ட்மேனா?

ஜானகிராமன்: அவ அம்மா மேனகாவ சுடுகாட்டுக்கு தூக்கிட்டு போன அன்னிலேர்ந்து இப்படித்தான் பாய். எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. மொகத்த கூட பாக்கறதில்ல. இருக்கறது ஒரே பொண்ணு. இன்னிக்கு மத்தியானம் பெங்களூரு பஸ் ஏறிடுவா.

துர்கா: வண்டிய பாருங்க பாய். அதுக்குத்தான வந்தோம்.

மாலிக்: பாக்குறேன். ஆனா பாத்துட்டு நான் யாருக்கு என்ன சொல்லணும்னு மொதல்ல தெரியணும். தணிகாசலம் அன்னிக்கு சரியா என்ன சொன்னாரு?

ஜானகிராமன்: காரியத்தன்னிக்கு, எல்லாரும் சாப்பாட்டுல உக்காந்திருக்கறப்ப எழுந்து நின்னான். ஆம்புலன்ஸ கூப்புட துப்பில்லாம இந்த ஓட்ட வண்டியில வச்சி என் தங்கச்சிய சாவடிச்சிட்டான்னு சொன்னான்.

மாலிக்: பந்தியிலயா?

ஜானகிராமன்: பந்தியிலதான். அதோட வுடல. மாலிக் பாய் வண்டிய பாக்கட்டும், வண்டி மேல தப்பு இல்லன்னு அவரு வாயால சொல்லட்டும், நான் இவன் கால்ல வுழறேன். தப்பு இருந்துச்சின்னா இனிமே இவன் வாசப்படி மிதிக்க மாட்டேன், என் தங்கச்சி திதிக்கு கூட வர மாட்டேன்னான்.

மாலிக்: நீங்க என்ன சொன்னீங்க?

ஜானகிராமன்: சரின்னேன்.

மாலிக்: நீ, துர்கா? அப்பாவ அப்படி பேசுறப்ப நீ ஒன்னும் சொல்லலயா?

ஜானகிராமன்: அவ இலையவே பாத்துக்கிட்டு இருந்தா பாய். அவள ஏன் கேக்குறீங்க. அவ அம்மா செத்துருக்கா.

மாலிக்: சரி சரி. எனக்கும் அண்ணிய நெனச்சா மனசு ஆறல. இப்ப அன்னிக்கு நடந்தத முறையா சொல்லுங்க. வண்டி எப்படி நின்னுச்சின்னு தெரிஞ்சாதான் எத கழட்டணும்னு தெரியும். ஏன் ஆம்புலன்ஸ் கூப்புடல?

ஜானகிராமன்: அவதான் வேணாம்னா. மூச்சு வாங்குது, நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, அப்பவும் அந்த சங்கு ஊதுற வண்டியில ஏற மாட்டேன், நம்ம வண்டியிலயே போலாம்னா. கனகசெட்டிக்குளத்துலேர்ந்து டவுனு ரொம்ப தூரமா பாய்? அவ ஃபைலு, கேன்சர் வைத்தியம் எல்லாம் டவுன் ஆசுபத்திரியிலதான். எது ஆனாலும் நேரா இங்கதான் கொண்டாறணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. விடிஞ்சும் விடியாத நேரம், ரோடு காலியா கெடந்துச்சி. போயிடலாம்னு நெனச்சேன்.

மாலிக்: பின்னாடி யாரு?

ஜானகிராமன்: துர்கா மடியில அவ தல. லீவு போட்டுட்டு வந்து அம்மாவ பாத்துக்கிட்டு இருந்தா.

மாலிக்: கெளம்பறப்ப நல்லா கெளம்புச்சா?

ஜானகிராமன்: ஒரே செல்ஃபு. காலாப்பட்டு தாண்டுற வரைக்கும் நல்லா வந்துச்சி. அப்பறம் ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இழுக்கல. ரெண்டு விக்கல்... அப்படியே அணஞ்சிடுச்சி.

மாலிக்: பெட்ரோல் வராம நிக்கிற விக்கல்தான் அது. கரண்டு போனா பட்டுனு நிக்கும், விக்காது. நீங்க என்ன பண்ணீங்க?

ஜானகிராமன்: பானட்ட தூக்கிட்டு பம்ப்ப தொட்டேன். சூடா இருந்துச்சி. மேனகாவுக்கு கொண்டாந்த தண்ணியில துணிய நனைச்சி பம்ப்பு மேல போட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.

மாலிக்: பம்ப்புக்குள்ள பெட்ரோலு ஆவியாயிட்டா அதான் வைத்தியம். ஆனா விடிகாலையில அது ஆவியாவறது அதிசயம். அப்பறம்?

ஜானகிராமன்: கொஞ்ச நேரத்துல ஸ்டார்ட் ஆயிடுச்சி. அதான் பாய் மோசம் பண்ணிடுச்சி. ஒரேடியா நின்னிருந்தா எந்த வண்டியயாவது மறிச்சிருப்பேன். ஓடுச்சி. திரும்ப பிள்ளைச்சாவடியில நின்னுச்சி. திரும்ப ஓடுச்சி. இனிமே போயிடும், இனிமே போயிடும்னு... கோட்டக்குப்பத்துல மூணாவது வாட்டி நின்னப்ப துர்கா நூத்தியெட்டுக்கு போன் போட்டா. அது வர்றதுக்குள்ள வண்டி ஓடிடுச்சி. அதுக்கப்பறம் ஆசுபத்திரி வாசல் வரைக்கும் நிக்கவே இல்ல.

மாலிக்: ஆனா அண்ணி...

ஜானகிராமன்: ஸ்ட்ரெச்சர்ல எறக்கி வைக்கறப்ப, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு அந்த நர்சு பொண்ணு சொல்லிச்சி. அது காதுல கேட்டுக்கிட்டே இருக்கு பாய்.

துர்கா: ...தண்ணி வச்சிருந்த கேன் காலியாயிடுச்சி பாய்.

மாலிக்: போவட்டும்மா. இங்க பாரு, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன், கேளு. ஃபில்டர கழட்டி ஊதி பாத்துட்டேன், சுத்தம். பைப்பெல்லாம் போன வருஷந்தான் மாத்துனேன். இப்ப பெட்ரோல்ல எதையோ கலந்து வுடுறானுங்க, ரப்பர தின்னுடுது, அதுக்காவே புதுசு போட்டேன். பம்ப்பு வாய பாட்டில்ல வுட்டு பாத்தேன், பீச்சி அடிக்குது. கார்புரேட்டர் கிண்ணத்துல பொட்டு துரு இல்ல. இஞ்சின் பக்கம் ஒரு குத்தமும் சொல்ல முடியாது. பாக்கி இருக்கறது பின்னாடி பெட்ரோல் டேங்க் ஒன்னுதான்.

துர்கா: அங்க எதுக்கு பாய்.

ஜானகிராமன்: டேங்க்க பாக்க வேணாம் பாய்.

மாலிக்: ...பரவால்லயே. காலையிலேர்ந்து இப்பதான் ரெண்டு பேரும் ஒன்னா பேசுறீங்க.

ஜானகிராமன்: இல்ல... டேங்க் நல்லாத்தான் இருக்கு. போன தையிலதான் எறக்கி கழுவுனோம். அதுக்கு சொன்னேன்.

துர்கா: டேங்க்க கழட்டுனா நேரம் ஆயிடும்னு சொன்னேன். மாமாதான் கூப்புடுறாரு... நான் வெளியில போயி பேசுறேன்.

மாலிக்: போ போ. இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லு.

ஜானகிராமன்: பாய், ஒரு டீ சொல்லட்டுமா?

மாலிக்: டீ அப்பறம். இங்க வாங்க அண்ணே.

ஜானகிராமன்: என்ன?

மாலிக்: இந்த டேங்க் மூடிய பாருங்க. நடுவுல இந்த பொடி துளை.

ஜானகிராமன்: அது எப்பவும் இருக்கறதுதான.

மாலிக்: எப்பவும் இருக்கறதுதான். எனக்கு முந்தி பொறந்த மூடி மாதிரி இருக்கு, சுத்தி அழுக்கு அட்ட கட்டி கெடக்கு. துளை மட்டும் பளிச்சுனு இருக்கு. யாரோ ஊசியோ ஊக்கோ வுட்டு குடஞ்சிருக்காங்க. உள்பக்கம் ரப்பர் ஓரத்துல பாருங்க, வெள்ளையா ஒட்டியிருக்கு. மோந்து பாருங்க.

ஜானகிராமன்: பெட்ரோலு.

மாலிக்: பெட்ரோலுக்கு அடியில. எங்க வீட்ல பேரன குளிப்பாட்டி தூக்கிக் குடுக்கறப்ப வர்ற வாசன அண்ணே. குழந்தைங்களுக்கு போடுற சோப்பு.

ஜானகிராமன்: குடுங்க பாய், நான் தொடச்சிடுறேன்.

மாலிக்: துளையில சோப்ப அப்பி அடச்சிருக்காங்க. இருங்க, ஒரு துண்டு டேப் ஒட்டி மூடுறேன். இஞ்சின் ஓடட்டும். எளநி வாய இறுக்கி பொத்திக்கிட்டு ஸ்ட்ரால உறிஞ்சுனா என்னாவும்? கொஞ்சம் வரும், அப்பறம் வராது. உள்ள காத்து போனாதான் வெளிய தண்ணி வரும். டேங்க்கும் அப்படித்தான். இது நான் உங்களுக்கு சொல்லணுமா.

ஜானகிராமன்: நான்தான் அடச்சேன்.

மாலிக்: யாரு?

ஜானகிராமன்: நான்தான் பாய். பெட்ரோல் வாசன அவளுக்கு ஆவல. ஊசி போட்டதுலேர்ந்து எந்த வாசனயும் ஆவல, அதுலயும் பெட்ரோல்னா கொமட்டிக்கிட்டு வரும். அதான் சோப்பு வச்சேன். தெரியாம வச்சிட்டேன்.

மாலிக்: தெரியாம. நீங்க. இந்த துளை அடச்சா வண்டி நிக்கும்னு என் ஷெட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கற ஆளு நீங்க. கரண்டு ஆபீசுலேர்ந்து வேல முடிச்சிட்டு வந்து, என் கையிலேர்ந்து ஸ்பானர புடுங்கி வேல செஞ்ச ஆளு. எங்கிட்டயே கத உடுறீங்களா?

ஜானகிராமன்: பாய்...

மாலிக்: யார காப்பாத்தறீங்க? துர்காவா? அந்த பொண்ணா வச்சிது?

ஜானகிராமன்: இல்ல. சத்தியமா இல்ல. அவ இல்ல.

மாலிக்: அப்ப யாரு?

ஜானகிராமன்: அத கேக்காதீங்க பாய்.

மாலிக்: விக்குது பாருங்க. கேக்குதா. ரெண்டாவது விக்கல்.

ஜானகிராமன்: ஆஃப் பண்ணிடுங்க பாய்.

மாலிக்: நான் பண்ண வேண்டியதில்ல... அணஞ்சிடுச்சி. இப்ப மூடிய தெறக்கறேன்... கேட்டுச்சா? புஸ்ஸுனு. வெளியில தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜானகிராமன்: அன்னிக்கும் இதே சத்தந்தான் பாய். கோட்டக்குப்பத்துல.

மாலிக்: உக்காருங்க அண்ணே. இப்படி உக்காருங்க.

ஜானகிராமன்: பெட்ரோல் இருக்கா இல்லயான்னு பாக்கத்தான் தெறந்தேன். புஸ்ஸுனு காத்த இழுத்துச்சி. மூடிய திருப்பி பாத்தா துளையில வெள்ளையா அப்பியிருக்கு. எங்க வீட்ல அந்த சோப்பு அவ ஒருத்திக்குத்தான். மேலெல்லாம் எரியுது, குழந்த சோப்பு போட்டுத்தான் குளிக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

மாலிக்: அண்ணியா...

ஜானகிராமன்: ஆசுபத்திரிக்கு போறப்பல்லாம் பாதி வழியில வாந்தி எடுப்பா. நான் வீட்டுக்கு வந்து சீட்ட கழுவுவேன். எனக்கு அது ஒரு வேலையே இல்ல பாய். ஆனா அவ ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு அழுவா. உங்கள இப்படி கழுவ வச்சிட்டேனேன்னு.

மாலிக்: மூடிய அடைக்கணும்னு அண்ணிக்கு எப்படி தோணிச்சி?

ஜானகிராமன்: துர்கா சின்ன புள்ளையா இருக்கறப்ப திண்டிவனம் போற வழியில டேங்க் அடியில ஒழுகுச்சி. மெக்கானிக்குக்கு எங்க போறது. அவ பையிலேர்ந்து சோப்ப எடுத்துக் குடுத்தா, நான் விரிசல்ல தேச்சேன், ஒழுகல் நின்னுச்சி. வீடு வந்து சேர்ற வரைக்கும் அதையே சொல்லி சிரிச்சிக்கிட்டு வந்தா, உங்க வண்டிக்கும் நான்தான் சோப்பு போட வேண்டியிருக்குன்னு. அத ஞாபகம் வச்சிருந்திருக்கா. எது ஒழுகல், எது காத்து போற துளைன்னு அவளுக்கு எப்படி பாய் தெரியும்?

மாலிக்: எப்ப வச்சாங்க?

ஜானகிராமன்: மொத நாள் சாயங்காலம் வண்டிக்கு பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. நிக்கவே தெம்பில்லாதவ. இங்க என்ன பண்றன்னு கேட்டேன். ஒன்னுமில்ல, இனிமே உங்களுக்கு சீட்டு கழுவுற வேல இருக்காதுன்னு சிரிச்சா. நான் வேற என்னமோ நெனச்சிக்கிட்டு, அப்படியெல்லாம் பேசாதன்னு திட்டுனேன்.

மாலிக்: யா அல்லா.

ஜானகிராமன்: சாவிக்கொத்துல கெடந்த ஊக்கால குடஞ்சி எடுத்தேன். ஜன்னல் கிட்ட போனேன். என்னாச்சுங்கன்னா. பேச்சே வரல, காத்துதான் வருது. ஃபில்டரு மேனகா, ஃபில்டர்ல அடப்பு, சரி பண்ணிட்டேன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டுனா. அவ்ளோதான் பாய். தன்னாலதான் வண்டி நின்னுச்சின்னு தெரியாமயே போயிட்டா. எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒன்னுதான். அத நெனச்சித்தான் தூங்குறேன்.

மாலிக்: துர்கா பாக்கலயா?

ஜானகிராமன்: அம்மாவ மடியில போட்டுக்கிட்டு கையில போன வச்சிக்கிட்டு கத்திக்கிட்டு இருந்தா, எங்க பாக்கறது. அவளுக்கு தெரியக்கூடாது. எங்கம்மா கையாலயே அவங்க உசுரு போச்சின்னு வாழ்நாள் பூரா அவ நெனைக்கணுமா? எங்கப்பன் கொன்னுட்டான்னே நெனைக்கட்டும். நான் இன்னும் எத்தன வருஷம் இருக்கப் போறேன்.

மாலிக்: அதுக்கு வண்டிய எங்கிட்ட கொண்டாராம இருந்திருக்கலாமே. வித்து தொலச்சிருக்கலாமே.

ஜானகிராமன்: தணிகாசலம் வுட மாட்டான். கோளாறே இல்லன்னா, அப்ப ஏன் நின்னுச்சின்னு தோண்டுவான். வேற ஆளு கிட்ட கொண்டு போவான். எனக்கு ஒரு கோளாறு வேணும் பாய். நீங்க சொன்னா நம்புவான். பம்ப்புல டயாப்ரம் கிழிஞ்சி கெடந்துச்சின்னு சொல்லுங்க. மாத்த சொன்னேன், இந்தாளு மாத்தலன்னு சொல்லுங்க.

மாலிக்: பம்ப்பு நல்லா இருக்கு அண்ணே. இப்ப லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லிடுவாங்க. வாயில பொய்ய வச்சிக்கிட்டு நான் எப்படி போயி நிப்பேன்?

ஜானகிராமன்: உங்கள வேற எதுவும் கேட்டதில்ல பாய். துர்கா வரா. பாய்... தயவு பண்ணுங்க.

துர்கா: போன் கை தவறி கீழ வுழுந்துடுச்சி. லைன் கட்டாயிடுச்சி. மாமா திரும்ப கூப்புடுவாரு.

மாலிக்: கண்ணாடி வேற ஒடஞ்சிருக்கே. என்னம்மா ஆச்சி?

துர்கா: ஒன்னுமில்ல பாய். வெயிலு... இதோ, கூப்புடுறாரு. உங்ககிட்டதான் பேசணுமாம்.

மாலிக்: குடு... அலோ, தணிகாசலம். ஆமா, மாலிக்தான் பேசுறேன்... பாத்துட்டேன். முழுசா பாத்துட்டேன்... சொல்றேன், இருங்க... வண்டியில கோளாறு இருந்துச்சி. பெட்ரோல் பம்ப்புல டயாப்ரம்னு ஒரு ரப்பர் தகடு, அது கிழிஞ்சி போச்சி... இல்ல, கேளுங்க. அது நான் போட்டது. நான் போட்ட சாமான் மட்டம். திட்டுறதுன்னா என்ன திட்டுங்க, உங்க மச்சான் மேல ஒரு தப்பும்...

ஜானகிராமன்: போன குடுங்க பாய்.

மாலிக்: அண்ணே, வேணாம்.

ஜானகிராமன்: குடுங்கன்றேன்... மச்சான், நான் பேசுறேன். பாய் எனக்காவ பொய் சொல்றாரு. பம்ப்பு மாத்தணும்னு தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. நான்தான் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிக்கிட்டே வந்தேன்... ஆமா. தெரியும்... ஆமா மச்சான், தெரிஞ்சேதான் அதுல கூட்டிட்டு போனேன்... நீ சொல்றது சரிதான்... சரி... வர வேணாம்... அவ போட்டோவா? அத ஏன்... சரி, எடுத்துக்க. ஆள அனுப்பு, குடுத்துடுறேன்... சரி மச்சான்.

மாலிக்: என்ன சொன்னாரு?

ஜானகிராமன்: கூடத்துல மாட்டியிருக்கற மேனகா போட்டோவ கேக்குறான். கொன்னவன் வீட்ல என் தங்கச்சி படம் இருக்கக்கூடாதாம். போனா போவுது பாய். என்ன இருக்கு.

மாலிக்: அண்ணே...

ஜானகிராமன்: துர்கா... கேட்டுக்கிட்ட இல்ல? நான்தாம்மா. ரப்பரு மாத்தாம வுட்டுட்டேன். நீ கோவப்படறதுல ஒரு தப்பும் இல்ல.

துர்கா: பஸ்ஸுக்கு நேரம் ஆவுது பாய்.

ஜானகிராமன்: சரி. நான் தெருக்குழாயில மொகம் கழுவிட்டு வரேன். அப்பறம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுடுறேன். பயப்படாத, வண்டி இனிமே நிக்காது.

மாலிக்: ...துர்கா. போறாரு பாரு, எப்படி போறாருன்னு பாரு. ஒரு வார்த்த, சரிப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் வாயி என்ன தேஞ்சா போவும்? உன்ன தூக்கி வளத்த பாசத்துல கேக்குறேன். உனக்கு அவ்ளோ கல்லு மனசா?

துர்கா: அந்த மூடிய கழுவிட்டீங்களா பாய்?

மாலிக்: எந்த... எந்த மூடி?

துர்கா: டேங்க் மூடி. சோப்பு வாசன இன்னும் இருந்துச்சின்னா நல்லா கழுவிடுங்க. திரும்ப திரும்ப மோந்து பாத்துக்கிட்டே இருப்பாரு.

மாலிக்: உனக்கு எப்படிம்மா... அன்னிக்கு நீ போன்ல பேசிக்கிட்டு இருந்தன்னுதான அவரு...

துர்கா: இப்ப நீங்க தெறந்தீங்களே, புஸ்ஸுனு... அத கேட்டுத்தான் போன கீழ போட்டேன். கோட்டக்குப்பத்துல அதே சத்தம் கேட்டப்ப நான் டயருன்னு நெனச்சேன் பாய். அம்மா சட்டுனு கண்ண மூடிக்கிட்டாங்க. அப்பா ஊக்க வச்சி சொரண்டறத பின் கண்ணாடி வழியா பாத்துட்டாங்க. அவரு ஜன்னல் கிட்ட வந்து ஃபில்டரு மேனகான்னாரு. மொகத்துல ஒன்னும் காட்டிக்காம தலையாட்டுனாங்க. அவரு முன்னாடி ஏறி வண்டிய எடுத்ததும், இஞ்சின் சத்தத்துல அவருக்கு கேக்காதுன்னு என் காத இழுத்து வச்சிக்கிட்டு சொன்னாங்க... சோப்பு நான்தான்டி வச்சேன், வாசன வராம இருக்கட்டும்னு வச்சேன், எனக்கு தெரியக்கூடாதுன்னு உங்கப்பா பொய் சொல்றாரு, எனக்கு தெரிஞ்சி போச்சின்னு அவருக்கு தெரிய வேணாம்டின்னாங்க. அதான் அம்மா கடைசியா பேசினது. மாமா பந்தியில அப்படி பேசினப்ப கூட பல்ல கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பா மொகத்த பாத்தா எனக்கு எதையும் மறைக்க வராது பாய், சின்ன புள்ளையிலேர்ந்தே வராது, எல்லாத்தையும் சொல்லிடுவேன். அதான் பாக்காம இருக்கேன்... வராரு. மூடிய போட்டுடுங்க பாய்.